நாற்பத்தேழில் பதில் வந்தது

அந்த அலுவலகத்தில் அவருக்கு வயர் சார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஆசிரியர்களை ஊர்விட்டு ஊர் மாற்றுகிற அலுவலகம் அது. இரண்டு மாடி, முப்பத்தெட்டு கம்ப்யூட்டர், ஒன்பது பிரிண்டர், அத்தனைக்கும் அவர் ஒரே ஆள். எந்த மேசையில் எது நின்றாலும் "வயர் சாரைக் கூப்பிடு" என்பார்கள். மின்விசிறி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அது தன் வேலை இல்லை என்று சொல்லுவார், சொன்ன வாய் மூடுவதற்குள் ஏணியோடு வந்து நிற்பார்.

ஃபைல் மட்டும் தொடமாட்டார். மேசைக்கு அடியில் புகுந்து வயரைத் தேடும்போது ஃபைல் ஒன்று குறுக்கே கிடந்தால், அந்த மேசைக்காரரையே கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவார். "என் வேலை வயர் வரைக்கும்தான்" என்பது அவருடைய வேதவாக்கு. அந்த ஒரு வாக்கியத்துக்காக அலுவலகத்தில் அவருக்கு நல்ல மரியாதை இருந்தது. வீட்டில் இருந்ததா என்பது வேறு விஷயம்.

வீடு என்று சொன்னாலும் அதில் பாதிதான் அவரிடம் இருந்தது. மனைவி கணக்கு டீச்சர். அவரும் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், ஆரம்பத்தில் கேலியாக, பிறகு பழக்கமாக. நாலரை வருஷத்துக்கு முன்னால் டீச்சரை பஸ்ஸில் ஆறு மணி நேரம் போகிற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவோடு போனாள். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை இவர் பஸ் ஏறுவார். ஞாயிறு சாயங்காலம் திரும்புவார். மற்ற நாட்களில் போனில்தான் குடும்பம் நடந்தது.

வெளியூரில் இருக்கும் கணவனோடோ மனைவியோடோ சேர வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு 'குடும்பக் காரணம்' என்று ஒரு விண்ணப்பம் உண்டு. வருஷத்துக்கு ஒரு மாதம் அது திறக்கும். டீச்சர் முதல் வருஷமே போட்டாள். போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அதே ஆபீஸ்லதானே இருக்கீங்க. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டா அது சிபாரிசு. வரிசைப்படி வரட்டும்."

வரிசைப்படி ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வருஷமும் போட்டாள். "மாறுதலுக்கு உனக்கு பாயின்ட் பத்தலையோ என்னவோ" என்று சொல்லிவிட்டு அவர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். மூன்றாம் வருஷம் அவள் குரலை இன்னும் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"சிபாரிசு வேணாங்க. ஃபாரம் வந்து சேந்துச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அது போதும்."

"பாத்தா, ஃபைல்ல கை வச்சேன்னு சொல்வாங்க. என் வேலை வயர் வரைக்கும்தான். உனக்குத் தெரியாதா?"

"அப்ப நீங்க இங்க வரலாமே. இந்த ஊர் ஆபீஸ்ல உங்க வேலைக்கு ஆளே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க."

"தலைமை ஆபீஸை விட்டுட்டா?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. புரிந்துகொண்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். கேட்பதை நிறுத்திவிட்டால் புரிந்துகொண்டதாக அர்த்தம் என்று நினைப்பது பல புருஷர்களுக்கு உள்ள சௌகரியம்.

இந்த வருஷ மாறுதல் பட்டியலில் அலுவலகத்தின் அதிகாரியான மேடம் கையெழுத்துப் போடவேண்டிய நாள் அன்று. மாலை நாலு மணிக்குள் போட்டாக வேண்டும். அதே நாள் பார்த்து மூன்றாம் மேசையின் பிரிண்டர் உயிரை விட்டது.

மூன்றாம் மேசைதான் குடும்பக் காரணத்துக்கு. முதல் மேசை மருத்துவக் காரணம், இரண்டாவது மேசை ஒருவருக்கொருவர் இடம் மாற்றிக்கொள்வது. விண்ணப்பங்கள் இணையத்தில்தான் வரும். ஆனால் முன்பிருந்த அதிகாரி ஒருவருக்குத் திரையில் படித்தால் கண் கூசும். அதனால் எந்தக் காரணத்துக்கான விண்ணப்பமோ அந்த மேசையின் பிரிண்டருக்கு, எல்லாவற்றையும் வாங்கிவைக்கும் பெரிய கம்ப்யூட்டரான சர்வரே அனுப்பி, தானாகக் காகிதமாக விழும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். காகிதமாக விழுந்தால்தான் அங்கே அது விண்ணப்பம். அதிகாரி போய்விட்டார். அவருடைய கண் கூச்சம் மட்டும் ஏற்பாடாக அங்கேயே தங்கிவிட்டது.

மூன்றாம் மேசைக்காரர் நல்ல மனிதர். தலை நரைத்தவர், யாரையும் கடிந்து பேசமாட்டார். அவருடைய மேசையைப் போல் துடைத்துவைத்த மேசை அந்த அலுவலகத்திலேயே கிடையாது. நாலு வருஷமாக அவர் கொடுக்கும் அறிக்கையில் ஒரே வரிதான்: 'குடும்பக் காரணம்: நிலுவை இல்லை.' அதற்காக ஒரு முறை அவருக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

"இப்பல்லாம் யாரு சார் குடும்பக் காரணம் போடறாங்க?" என்பார். "வீடியோ கால் வந்தாச்சு. பொண்டாட்டி முகத்தைப் போன்லயே பாத்துக்கறாங்க."

வயர் சாரும் அதற்குச் சிரித்திருக்கிறார். என் டீச்சர் போட்டாளே என்று ஒரு நொடிகூட அவருக்குத் தோன்றவில்லை. ஃபைல் விஷயத்தில் தலையைத் திருப்பிக்கொண்டு பழகியவருக்குக் காதும் சேர்ந்தே திரும்பிவிட்டது போலிருக்கிறது.

புதுப் பிரிண்டரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, ஒட்டியிருந்த நீல நாடாக்களை ஒவ்வொன்றாக உரித்து, மேசைமேல் வைத்தார். சுவரில் இருந்த துளையில் வயரைச் செருகினார். பச்சை விளக்கு சிமிட்டியது. இனி அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கதவு எண் போல, நெட்வொர்க்கில் ஒவ்வொரு மிஷினுக்கும் ஓர் எண் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு மிஷின் இருக்கக்கூடாது. யாருக்கு எந்த எண் என்று வயர் சார் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அவருக்கு ஒரு வழக்கம். செத்த பிரிண்டரின் எண்ணைப் புதுசுக்குக் கொடுக்கமாட்டார். பழசின் ஞாபகம் கம்ப்யூட்டர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும், குழப்பும் என்பது அவருடைய கணக்கு. புது மிஷினுக்குப் புது எண். வேறு எந்த ஊரிலும் எவரும் இதற்கு இவ்வளவு மெனக்கெடமாட்டார்கள். ஆனால் புது எண்கள் தீர்ந்துபோயிருந்தன. நோட்டைப் புரட்டி, அடித்துவிட்ட எண்களில் எது மிகப் பழையது என்று பார்த்தார். நாற்பத்தேழு. நாலு வருஷத்துக்கு முன்னால் அவரே சிவப்புப் பேனாவால் அடித்தது. அதைக் கொடுத்தார்.

பிரிண்டர் ஏற்கவில்லை. 'இந்த எண் வேறொரு கருவியில் உள்ளது' என்று சின்னத் திரையில் எழுதிக் காட்டியது.

"என்ன சார், புதுசே மக்கர் பண்ணுதா?" என்றார் மூன்றாம் மேசைக்காரர்.

"நாப்பத்தேழு காலியா இருக்கணும் சார். யாருமே இல்ல அங்க."

தன் லேப்டாப்பைத் திறந்து நாற்பத்தேழைக் கூப்பிட்டுப் பார்த்தார். நெட்வொர்க்கில் ஒரு மிஷின் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, எண்ணைத் தட்டிக் கூப்பிட்டால் போதும். உயிரோடு இருந்தால் பதில் வரும், இல்லாவிட்டால் வராது. வரக்கூடாத இடத்திலிருந்து பதில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக, தயக்கமே இல்லாமல் வந்தது. இருபது வருஷ அனுபவத்தில் பேசாத மிஷின்களைப் பார்த்திருக்கிறார், செத்ததாகக் கணக்கெழுதிய மிஷின் பேசி அவர் பார்த்ததில்லை.

கீழ்த்தளத்தில் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியைத் திறந்து, அந்தப் பதில் எந்தத் துளை வழியாக வருகிறது என்று பார்த்தார். அந்தத் துளையின் வயரில் அவர் கையெழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'பின் அறை.' மாடியின் கடைசியில், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் அறை அது. உடைந்த நாற்காலி, வாளி, துடைப்பம் எல்லாம் அங்கே கிடக்கும். சாவி, சாவி அக்காவிடம்.

சாவி அக்கா அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறவர். இவரைவிடப் பத்து வயசாவது சின்னவர். ஆனாலும் இடுப்பில் கொத்துச் சாவி தொங்குவதாலோ என்னவோ, அதிகாரி உட்பட எல்லாருக்கும் அக்கா.

"அக்கா, பின் ரூம் கொஞ்சம் திறங்க."

"அந்த மெஷினைப் பாக்கவா சார்? வாங்க" என்றார் அக்கா, ஏதோ தினமும் நடக்கிற காரியம் போல.

எந்த மெஷின் என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. கதவு திறந்ததும் தெரிந்துவிட்டது. ஜன்னலோரம், கால் ஒடிந்த மேசைக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து, அதன்மேல் பழைய பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. மேலே தூசி இல்லை. துணி போட்டுத் துடைத்த பளபளப்பு. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சுவர் ஓரமாகக் காகிதக் கட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நூல் போட்டுக் கட்டி, இடுப்புயரத்துக்கு இருந்தன.

"இது என்னக்கா?"

"ஃபாரம் சார்."

"எந்த ஃபாரம்?"

"இதுல வர்ற ஃபாரம்தான். நீங்கதானே பாத்துக்கச் சொன்னீங்க."

"நானா?"

"ஆமா சார். நாலு வருஷம் முன்னாடி, இது செவப்பு லைட் போட்டுக் கத்திட்டே இருந்துச்சு. உங்ககிட்ட வந்து சொன்னேன். நீங்க ஏணி மேல இருந்தீங்க. பேப்பர் போடுங்கக்கா, நின்னுடும்னீங்க. போட்டேன், நின்னுச்சு. அதுலேர்ந்து கத்தும்போதெல்லாம் ஒரு கைப்பிடி வைப்பேன்."

"பேப்பர் ஏதுக்கா?"

"ஸ்டோர்ல குடுப்பாங்க. வயர் சார் சொன்னாருன்னு சொல்வேன். மை தீந்தப்ப ஸ்டோர்காரரே வந்து மாத்திக் குடுத்துட்டுப் போனாரு."

வயர் சார் கால் ஒடிந்த நாற்காலி ஒன்றில் உட்காரப் போய், ஒடிந்திருக்கிறது என்று தெரிந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் கட்டைப் பிரித்தார். 'குடும்பக் காரணம்' என்று தலைப்பில் கொட்டை எழுத்து. தேதி நாலு வருஷத்துக்கு முந்தியது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அதுதான். முதல் பக்கத்தின் மூலையில் ஆளுக்கொரு புகைப்படம். அத்தனை முகமும் அவரையே பார்த்தன.

எல்லாம் ஒரே வீச்சில் மண்டையில் உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் மேசைக்கு அப்போதைய புதுப் பிரிண்டர் வந்தபோது, தன் வழக்கப்படி அதற்குப் புது எண் கொடுத்தார். எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் எண்ணை மாற்றினார். தானாக அனுப்புகிற சர்வரில் மட்டும் மாற்ற மறந்தார். பழைய பிரிண்டர் இன்னும் ஓடுகிறதே, அவசரத்துக்கு உதவும் என்று பின் அறையில் கொண்டுவந்து வைத்து, சும்மா சோதித்துப் பார்க்க வயரைச் செருகினார். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். அது செத்திருந்தால் அன்றைக்கே சர்வர் கத்தியிருக்கும். அது சாகவில்லை. சாவி அக்கா அதைச் சாகவிடவில்லை. விண்ணப்பித்தவர்களின் போனுக்கெல்லாம் 'பெறப்பட்டது' என்று செய்தி போயிற்று. விசாரித்துப் போன் செய்தவர்களிடம் 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். இரண்டும் பொய் இல்லை என்று அந்த அலுவலகத்தில் அத்தனை பேரும் சத்தியம் செய்திருப்பார்கள்.

"மொத்தம் எத்தனை இருக்குங்கக்கா?"

"பதினாலு கட்டு, கட்டுக்கு இருவத்தஞ்சு. மேல ஒண்ணு, அதுல பதினொண்ணுதான் ஆச்சு. மொத வருஷம் நூத்தி நாப்பது வந்துச்சு. அப்புறம் நூத்திப் பத்து, அப்புறம் எழுவத்தஞ்சு. இந்த வருஷம் வெறும் முப்பத்தாறுதான் சார். ஆளுங்க குறைஞ்சுட்டாங்க." அக்கா கொஞ்சம் பெருமையோடு சொன்னார். "மொதப் பக்கத்துல போட்டோ இருக்கும். போட்டோ வந்தா புது ஃபாரம்னு வச்சுக்கிட்டு குண்டூசி குத்தி வைப்பேன். சில பேரு வருஷா வருஷம் வருவாங்க. இந்த டீச்சரம்மா நாலு வருஷமும் வந்துட்டாங்க. இந்தத் தடவை கண்ணாடியை மாத்திட்டாங்க, பாருங்க."

கடைசிக் கட்டின் அடியிலிருந்து ஒரு விண்ணப்பத்தை உருவி நீட்டினார்.

டீச்சர். அவருடைய டீச்சர்தான். பழைய கறுப்புச் சட்டம் இல்லை, மெல்லிய பழுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. போன சனிக்கிழமைகூட எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். கண்ணாடி மாறியது அவருக்குத் தெரியாது. துடைப்பமும் வாளியும் தவிர வேறெதற்கும் பொறுப்பில்லாத சாவி அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

காரணம் எழுதும் கட்டத்தைப் படித்தார். அவளுடைய எழுத்து நடை அவருக்குத் தெரியும், கணக்குப் போடுவது போல வரிவரியாக இருக்கும்.

'மூன்று முறை விண்ணப்பித்தேன். பதில் இல்லை. மகள் இங்கே நன்றாகப் படிக்கிறாள். முந்தைய மூன்று விண்ணப்பங்களையும் ரத்து செய்து, என்னை இந்தப் பள்ளியிலேயே நிரந்தரமாக இருக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.'

இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறை எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. போன சனிக்கிழமை அவள் ஜன்னலுக்குத் திரைச்சீலை போட அளவெடுத்துக்கொண்டிருந்தாள். வாடகை வீட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டார். "இருக்கற வரைக்கும் நல்லா இருக்கட்டுமே" என்றாள். அப்போதே அவள் இந்த விண்ணப்பத்தை அனுப்பி மூன்று நாள் ஆகியிருந்தது. கூடவே இருந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பாள். நினைக்காமல் என்ன செய்வாள்?

அக்கா துடைப்பம் எடுக்கத் திரும்பினார். அந்த ஒரு நொடியில் வயர் சார் அதைச் செய்தார். விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யோசித்துச் செய்தாரா என்றால் இல்லை. கைதான் செய்தது. இருபது வருஷமாக ஒரு ஃபைலின் ஓரத்தைக்கூடத் தொடாத கை.

பிறகு பதினைந்து கட்டையும் தள்ளுவண்டியில் ஏற்றி, அக்காவையும் கூட்டிக்கொண்டு, நேராக மேடத்தின் அறைக்குப் போனார். அதில் அவர் தயங்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் மேசைக்காரர் பட்டியலோடு அங்கே நின்றிருந்தார்.

மேடம் அதிகம் பேசாதவர். அதட்டமாட்டார், ஆனால் அவர் பேனாவை மூடிவைத்தால் எதிரே நிற்பவருக்கு வியர்க்கும். முழுவதையும் கேட்டார். பேனாவை மூடினார்.

"எத்தனை பேர்?"

"முன்னூத்தி அறுபத்தோரு ஃபாரம் மேடம். சில பேர் ரெண்டு மூணு தடவை போட்டிருக்காங்க."

"நாலு வருஷமா?"

"ஆமா மேடம்."

"யார் பண்ணினது?"

"நான்தான் மேடம். சர்வர்ல நம்பர் மாத்த மறந்துட்டேன். பழைய பிரிண்டரைப் பிடுங்கவும் மறந்துட்டேன். அக்காகிட்ட பேப்பர் போடுங்கன்னு சொன்னதும் நான்தான். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மேடம் முதல் கட்டைப் பிரித்து மேலே இருந்த படத்தை வெகு நேரம் பார்த்தார். மூன்றாம் மேசைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "நிலுவை இல்லைன்னு எழுதினேனே மேடம்," என்றார். "நாலு வருஷம் எழுதினேனே. பாராட்டு வந்துச்சே." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நல்ல மனிதரின் கண் கலங்கியதை வயர் சாரால் பார்க்க முடியவில்லை.

"இன்னிக்குப் பட்டியல்ல கையெழுத்து கிடையாது," என்றார் மேடம். "ஒவ்வொருத்தருக்கும் மொத ஃபாரம் என்ன தேதியோ அதுதான் அவங்க வரிசை. கடைசி ஃபாரத்துல என்ன கேட்டிருக்காங்களோ அதைத்தான் குடுக்கணும். போடறதையே விட்டவங்க இருப்பாங்க, அவங்களுக்காக குடும்பக் காரணத்தை மட்டும் இன்னும் பத்து நாள் திறந்து வைங்க. அதுக்கு முன்னாடி பிரிண்டரை ஒழுங்கா இணைச்சு, மூணாம் மேசையில விழுதான்னு சோதிச்சுக் காட்டுங்க." வயர் சார் பக்கம் திரும்பினார். "உங்க விஷயத்தை அப்புறம் பேசலாம்."

கடைசி ஃபாரத்தில் கேட்டதுதான் செல்லும். வயர் சாருக்குச் சட்டைப் பை சுட்டது. அந்தக் காகிதம் பையிலேயே இருந்தால் டீச்சரின் மூன்றாவது விண்ணப்பம்தான் கடைசி. அதில் அவள் வருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். முதல் தேதி நாலு வருஷம் பழையது என்பதால் வரிசையிலும் முன்னால் இருப்பாள். அடுத்த மாதமே மகளோடு வந்து இறங்குவாள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

கட்டுகளை நீளமேசையில் பரப்பினார்கள். சாவி அக்கா கடைசிக் கட்டை எடுத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு வயர் சாரின் பக்கத்தில் வந்து, மற்றவர் காதில் விழாமல் சொன்னார்.

"சார், இதுல பத்துதான் இருக்கு. பதினொண்ணு இருக்கணும். காலையில கூட எண்ணினேன்."

அக்கா அவர் சட்டைப் பையைப் பார்த்தார். மடித்த காகிதத்தின் ஓரம் வெளியே தெரிந்தது.

"அந்த டீச்சரம்மா ஃபாரமா சார்?"

"அவ என் வீட்டுக்காரிக்கா."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். நாலு வருஷமாகக் குண்டூசி குத்திய விரல்கள். "ஐயோ சார்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"பத்து நிமிஷம் குடுங்கக்கா."

மாடிப்படியின் திருப்பத்தில் நின்று போன் செய்தார். அங்கே பள்ளியில் சாப்பாட்டு இடைவேளை. பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே டீச்சர் எடுத்தாள்.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அவர் எதையும் விடாமல் சொன்னார். ஏணியையும் சொன்னார். மறுமுனையில் அவள் எங்கோ நகர்ந்து போவதும், ஒரு கதவு சாத்தப்படுவதும் கேட்டது. இரைச்சல் நின்றது.

"நாலு வருஷமா அந்த ரூம்லயே இருந்துச்சா?"

"ம்."

"உங்க சீட்லேர்ந்து எவ்வளவு தூரம்?"

"படி ஏறினா முப்பதடி இருக்கும்."

போன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தார். அறுபடவில்லை.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமாங்க?" என்றாள் கடைசியில். "நீங்களே வேணாம்னு சொல்லிட்டீங்களோன்னு நெனச்சேன். ஆபீஸ்ல சொல்லி நிறுத்தி வச்சிருக்கீங்களோன்னு. ரெண்டு வருஷமா அதை நெனச்சுக்கிட்டுதான் உங்களுக்குச் சாப்பாடு போட்டேன்."

படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒருத்தி ரெண்டு வருஷம் இப்படி ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு தன்னை வாசல்வரை வந்து பஸ்ஸுக்கு அனுப்பியிருக்கிறாள். தனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"இந்த வருஷ ஃபாரம் என்கிட்ட இருக்கு," என்றார். "கடைசியா கேட்டதுதான் செல்லும்னு மேடம் சொல்றாங்க. இதை வெளிய எடுத்துட்டா நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடலாம். என்ன பண்ணட்டும், நீ சொல்லு."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"இப்ப எங்க இருக்கு?"

"சட்டைப் பையில."

"ஃபாரம் வந்துச்சான்னு பாருங்கன்னேன். அது ஃபைல்ல கை வைக்கறதுன்னீங்க." அவள் குரல் உயரவில்லை. கரும்பலகையில் ஒரு வரிக்கு அடுத்த வரி எழுதுவது போல் சொன்னாள். "இது என்னங்க?"

ஆறு மணி நேர பஸ் தூரத்திலிருந்து அவள் அவரை நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்த இடத்துல வச்சிடுங்க," என்றாள். "பொண்ணுக்கு இங்க ஸ்நேகிதங்க இருக்காங்க. எனக்கும் இந்த ஸ்கூல் பிடிச்சுப்போச்சு. நாலு வருஷம் நான் கேட்டாச்சுங்க. இனி யாராவது கேக்கணும்னா நீங்க கேளுங்க."

அங்கே மணி அடித்தது. வகுப்புக்குப் போகிறேன் என்று வைத்துவிட்டாள்.

வயர் சார் மேலே போனார். மடிப்பைத் தொடையில் வைத்து நீவி, குண்டூசி குத்தியிருந்த அதே இடத்தில் குத்தி, விண்ணப்பத்தைக் கடைசிக் கட்டில் வைத்தார். சாவி அக்கா எண்ணிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு வயர் சார் பின் அறைக்குப் போய்ப் பழைய பிரிண்டரின் வயரைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. நாற்பத்தேழு காலியானதும் புதுப் பிரிண்டர் அந்த எண்ணை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. சர்வரில் எதையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. அது நாலு வருஷமாக அதே எண்ணுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது.

குடும்பக் காரணப் பிரிவைத் திறந்தார். இனி சோதிக்க வேண்டும். சோதனைக்கு யாருடைய விண்ணப்பத்தையாவது அனுப்பிப் பார்க்க வேண்டும். துறையின் ஊழியர்களுக்கும் அதே விண்ணப்பம்தான். கீழ்த்தளத்தில் தன் மேசையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி நிரப்பினார். பதவி: வயர்களுக்கு என்ன நாகரிகப் பெயரோ அது. கேட்கும் இடம்: டீச்சரின் ஊர் அலுவலகம். காரணம் என்ற கட்டத்தில் 'மனைவியும் மகளும் அங்கே இருக்கிறார்கள்' என்று எழுதினார். அதற்குமேல் தோன்றவில்லை. மேடம் தன்னை இந்த வேலையில் வைத்திருப்பாரா என்பதே தெரியாதபோது இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் அனுப்பினார்.

'பெறப்பட்டது' என்று அவர் போனுக்குச் செய்தி வந்தது. அந்தச் செய்தியின் லட்சணம் அவருக்குத் தெரியாதா? அவர் எழுந்து மாடிக்குப் போனார். மூன்றாம் மேசைக்கு முன்னால், மனுக் கொடுக்க வந்த ஆளைப் போல ஓரமாக நின்றார். நாலு வருஷமாகத் துடைத்துவைத்த மேசை முழுக்க இப்போது காகிதம். மூன்றாம் மேசைக்காரர் சுவரில் மாட்டியிருந்த பாராட்டுக் கடிதத்தைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கீழே சாத்தியிருந்தார்.

"சார்," என்றார் வயர் சார். "ஒரு ஃபாரம் போட்டேன். வந்து சேந்துச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அது போதும்."

மூன்றாம் மேசைக்காரர் பிரிண்டரின் தட்டிலிருந்து காகிதத்தை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், காரணத்தைப் படித்தார்.

"வந்திருக்கு சார்," என்றார்.

சாவி அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக் குண்டூசி குத்தி, கடைசிக் கட்டில் டீச்சரின் விண்ணப்பத்துக்கு மேலே வைத்தார்.

"இதோட பன்னெண்டு" என்றார்.